சத்யஜித் ராய் (எழுத்துருக் கலைஞர்)

சத்யஜித் ராய் (மே 2, 1921 – ஏப்ரல் 23, 1992) வங்காளத்தைச் சேர்ந்த திரைப்பட இயக்குநர், எழுத்தாளர், இசையமைப்பாளர், ஓவியர் ஆவார். உலகத் திரைப்பட வரலாற்றின் முதன்மையான இயக்குநர்களுள் ஒருவராகக் கருதப்படுகின்றார். திரைத்துறைக்கு வருவதற்கு முன்பே நூல் அட்டை ஓவியராகவும் எழுத்தோவியராகவும் பெயர் பெற்றவர் என்பது தமிழ் வாசகர்கள் பலர் அறியாத செய்தியாகும். உரோம எழுத்துக்களுக்காக ரே ரோமன், ரே பிசார், டாஃப்னிஸ், ஹாலிடே ஸ்கிரிப்ட் என்னும் நான்கு எழுத்துருக்களை இவர் வடிவமைத்தார். இவற்றுள் ஹாலிடே ஸ்கிரிப்ட், பெயருக்கேற்பக் கையெழுத்துச் சாயல் எழுத்துரு வகையைச் சார்ந்தது. இக்கட்டுரை ராயின் வாழ்க்கையை அவருடைய எழுத்துக்கலைப் பணியை மையமாகக் கொண்டு விளக்குகின்றது.

== குடும்பப் பின்னணி ==

ராயின் குடும்பம் மூன்று தலைமுறையாக அச்சோடும் எழுத்தோடும் தொடர்புடையது. பாட்டனார் உபேந்திரகிசோர் ராய் சௌத்ரி (1863–1915) சிறுவர் எழுத்தாளர், ஓவியர், அச்சுத்தொழில் அறிஞர். ஒளிப்படங்களைச் சிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறையில் ஆய்வுகள் செய்து, இங்கிலாந்தின் பென்ரோஸ் ஆண்டு மலரில் கட்டுரைகள் எழுதினார். யு. ராய் அண்டு சன்ஸ் என்னும் அச்சகத்தை நிறுவிய இவர், 1913 இல் சந்தேஷ் என்னும் சிறுவர் இதழையும் தொடங்கினார்.

தந்தையார் சுகுமார் ராய் இங்கிலாந்து சென்று அச்சுத்தொழில்நுட்பம் கற்றுத் திரும்பியவர். வங்காள மொழியின் நகைச்சுவைச் சிறுவர் பாடல்களுக்கு இவரே முன்னோடி. 1923 இல், சத்யஜித்திற்கு இரண்டரை வயதும் நிறையாத நிலையில், சுகுமார் ராய் காலா அசார் நோயால் இறந்தார். அவருடைய புகழ்பெற்ற நூலான அபோல் தாபோல் அவர் இறந்து சில நாட்களுக்குப் பின்னரே வெளிவந்தது.

கொல்கத்தாவின் கர்ப்பார் சாலையில் இருந்த குடும்ப வீட்டிலேயே அச்சகமும் இயங்கியது. அச்சுக்கோப்பவர்களையும், படக்கட்டை செய்யும் பெரிய ஒளிப்படக் கருவியையும் பார்த்தபடியே சத்யஜித் வளர்ந்தார். டர்பன்டைன் எண்ணெயின் மணம் எங்கே வந்தாலும் அந்த அச்சகமே நினைவுக்கு வரும் எனத் தம் இளமை நினைவுகளில் இவர் பதிவு செய்துள்ளார். எனினும் தந்தையார் இறந்த சில ஆண்டுகளில் தொழில் நொடித்துப்போனது. அச்சகம் கைமாறியது. வீட்டை விட்டு வெளியேறிய தாயார் சுப்ரபா, மகனுடன் தம் உடன்பிறந்தாரின் வீட்டில் தங்கி, வேலைக்குச் சென்று மகனைப் படிக்க வைத்தார். பாட்டனாரும் தந்தையாரும் சேர்த்த தொழிலறிவு மகனுக்குச் சொத்தாக வரவில்லை. அதனை இவர் வேறு வழியில் மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

== கல்வி ==

பாலிகஞ்சு அரசு உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் கொல்கத்தா மாநிலக் கல்லூரியிலும் இவர் படித்தார். கல்லூரியில் பொருளியல் பட்டம் பெற்றாலும் இவருடைய நாட்டம் ஓவியத்திலும் இசையிலும் திரைப்படத்திலும் இருந்தது. தாயாரின் வற்புறுத்தலால் 1940 இல் இரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனில் உள்ள கலா பவனத்தில் சேர்ந்தார். தாகூர் குடும்பத்துடன் ராய் குடும்பத்திற்கு நெருங்கிய நட்பு இருந்தது. சத்யஜித் சிறுவனாக இருந்தபோது அவருடைய குறிப்பேட்டில் தாகூர் தம் கைப்பட ஒரு சிறு பாடலை எழுதிக் கொடுத்திருந்தார்.

கலா பவனத்தில் நந்தலால் போசும் வினோத் பிகாரி முகர்ஜியும் இவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். சீன, சப்பானிய ஓவிய மரபுகளை இங்கே அறிந்துகொண்டார். அம்மரபுகளில் எழுதுவதும் வரைவதும் ஒரே தூரிகையால் செய்யப்படுவன. கோட்டின் தடிப்பும் மெலிவும் கையின் அழுத்தத்தால் உண்டாகின்றன. இந்தப் பயிற்சி பின்னாளில் ராயின் எழுத்தோவியங்களுக்கு அடிப்படையாக அமைந்தது. வினோத் பிகாரி 1950களில் பார்வையை முற்றிலும் இழந்த பின்னரும் கையின் நினைவைக் கொண்டு படைத்துவந்தார். தம் ஆசிரியரைப் பற்றி 1972 இல் தி இன்னர் ஐ என்னும் ஆவணப்படத்தை ராய் எடுத்தார்.

படிப்பு முழுவதும் நிறைவுறும் முன்னரே 1942 இன் இறுதியில் ராய் சாந்திநிகேதனை விட்டு நீங்கினார்.

== விளம்பர நிறுவனத்தில் ==

1943 இல் கொல்கத்தாவில் இயங்கிய டி. ஜே. கீமர் என்னும் பிரித்தானிய விளம்பர நிறுவனத்தில் இளநிலை ஓவியராக மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் சேர்ந்தார். பின்னர் அந்நிறுவனத்தின் கலை இயக்குநராக உயர்ந்தார். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் இங்கே பணியாற்றினார்.

விளம்பரத் தொழிலில் எழுத்து என்பது படத்திற்குத் துணையாக நிற்கும் ஒன்றன்று. பெயரைப் படிக்கும் முன்பே அதன் வடிவம் பொருளின் தன்மையை உணர்த்தியாக வேண்டும். மென்மையான பொருளுக்கு ஒரு வகை எழுத்தும், உறுதியான பொருளுக்கு வேறு வகை எழுத்தும் தேவைப்படும். ராய் இந்திய ஓவிய மரபின் கூறுகளையும் தூரிகை எழுத்தையும் விளம்பரங்களில் புகுத்தினார்.

== சிக்னெட் பதிப்பகம் ==

கீமர் நிறுவனத்தில் ராயுடன் பணியாற்றிய டி. கே. குப்தா 1943 இல் சிக்னெட் என்னும் பதிப்பகத்தைத் தொடங்கினார். நூல்களின் அட்டையையும் உட்படங்களையும் வடிவமைக்கும் பொறுப்பை ராயிடம் ஒப்படைத்து, முழு உரிமையும் வழங்கினார். வங்காள நூல் வடிவமைப்பில் இது ஒரு திருப்புமுனை எனலாம்.

கவிஞர் ஜீவனானந்த தாசின் கவிதை நூல்கள், சவகர்லால் நேருவின் டிஸ்கவரி ஆஃப் இந்தியா முதலியவற்றிற்கு ராய் அட்டை வரைந்தார். சிம் கார்பெட்டின் குமாவூன் புலிகளைப் பற்றிய நூலின் வங்காள மொழிபெயர்ப்பிற்கு அவர் செய்த அட்டை இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது. அட்டை முழுவதும் புலியின் தோல் வரிகள் பரவியிருக்கும். துப்பாக்கிக் குண்டு புகுந்த துளை ஒருபுற அட்டையிலும் வெளியேறிய துளை மறுபுற அட்டையிலும் அமைந்திருக்கும்.

பிபூதிபூஷண் பந்தோபாத்யாயின் பதேர் பாஞ்சாலி புதினத்தின் சிறுவர் பதிப்பிற்குப் படம் வரையும் பணியும் சிக்னெட் வழியாகவே வந்தது. அப்படங்களை வரைந்தபோதுதான் அக்கதையைத் திரைப்படமாக்கும் எண்ணம் ராய்க்கு உண்டானது. எனவே அவருடைய திரைவாழ்வு ஒரு நூலின் பக்கங்களிலிருந்து தொடங்கியது எனக் கூறுவது பொருந்தும்.

== வங்காள எழுத்தும் ஈய அச்சும் ==

ராயின் எழுத்தோவியங்களின் சிறப்பை உணர வங்காள எழுத்தின் இயல்பை அறிதல் வேண்டும். தமிழ் எழுத்துக்களுக்கு மேற்கோடு கிடையாது. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய வழக்கத்தால் தமிழ் எழுத்துக்கள் வளைவுகள் மிக்கனவாக வளர்ந்தன என்பர். வங்காள எழுத்துக்களோ பெரும்பாலும் மாத்ரா எனப்படும் மேற்கோட்டிலிருந்து தொங்குவன. ஒரு சொல்லின் எழுத்துக்கள் அக்கோட்டினால் இணைக்கப்படுகின்றன. மெய்யெழுத்துக்கள் ஒன்றோடொன்று சேரும்போது புதிய கூட்டெழுத்துக்களும் தோன்றும்.

1778 இல் ஆல்கெட்டின் வங்காள இலக்கண நூலுக்காகச் சார்லசு வில்கின்சும் பஞ்சானன் கர்மகாரும் வங்காள அச்செழுத்துக்களை உருவாக்கினர். அதன் பின் ஈய அச்சு பரவியது. ஆயினும் கூட்டெழுத்துக்கள் மிகுதியாக இருந்ததால் அச்சுக்கோப்பவர் பல நூறு ஈய எழுத்துக்களைக் கையாள வேண்டியிருந்தது. 1935 இல் லைனோடைப் இயந்திரத்திற்கு ஏற்ப வங்காள எழுத்துக்கள் சுருக்கி அமைக்கப்பட்டன. இதனால் வேகம் கூடியது. ஆனால் கையெழுத்தில் இயல்பாக உள்ள நெகிழ்வை அச்சு இழந்தது.

ராய் இந்நிலையை நூல் அட்டைகளில் மாற்றிக் காட்டினார். மேற்கோட்டினைத் தூரிகையின் ஒரே வீச்சாக இழுத்தார். சில இடங்களில் அதனைத் துண்டித்தார், சில இடங்களில் முற்றிலும் நீக்கினார். நூலின் பொருளுக்கேற்ப எழுத்துக்கள் கல்வெட்டுப் போலவும், கோலம் போலவும், ஏட்டுச்சுவடி போலவும் மாறின. இவ்வளவு மாற்றியும் எழுத்து படிக்க முடியாதபடி சிதைந்ததில்லை என்பது இதில் குறிப்பிடத்தக்கது.

== உரோம எழுத்துருக்கள் ==

ராயின் குடும்பப்பெயர் ஆங்கிலத்தில் ரே என ஒலிக்கப்படுவதால் இவருடைய இரு எழுத்துருக்கள் அப்பெயரைத் தாங்கியுள்ளன. ரே ரோமன், ரே பிசார் ஆகிய இரண்டும் 1971 இல் பன்னாட்டுப் போட்டி ஒன்றில் பரிசு பெற்றன. திரைப்பட இயக்குநராக உலகப் புகழ் பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆன பின்னரும் எழுத்து வரைவதை இவர் விடவில்லை என்பதற்கு இது சான்றாகும். டாஃப்னிஸ், ஹாலிடே ஸ்கிரிப்ட் என்பன மற்ற இரண்டும் ஆகும்.

== கையெழுத்துச் சாயல் எழுத்துருவின் தோற்றமும் பயனும் ==

கையெழுத்தை ஒத்த அச்செழுத்து புதியதன்று. 1501 இல் வெனிசு நகரில் ஆல்டசு மனூத்தியசு தம் நூல்களில் பயன்படுத்திய சாய்வெழுத்து அக்காலக் கற்றோரின் கையெழுத்தைப் பின்பற்றி அமைந்தது. அதனைச் செதுக்கியவர் பிரான்செசுகோ கிரிஃபோ. பின்னர்க் கூர்முனைப் பேனாவால் எழுதப்பட்ட மெல்லிய வளைவெழுத்துக்களும் அச்சுக்கு வந்தன.

இவ்வகை எழுத்துருவில் கீழ்க்காணும் இயல்புகள் காணப்படும்.

* எழுத்துக்கள் பெரும்பாலும் வலப்புறம் சாய்ந்திருக்கும்.
* மேலேறும் கோடு மயிரிழைபோல் மெலிந்தும், கீழிறங்கும் கோடு தடித்தும் இருக்கும். இது பேனாவின் மீது கை தரும் அழுத்தத்தின் அடையாளம்.
* ஓர் எழுத்தின் முடிவு அடுத்த எழுத்தின் தொடக்கத்தைத் தொடும் அல்லது தொடுவதுபோல் நிற்கும்.
* தலையெழுத்துக்கள் சிறிய எழுத்துக்களைவிட மிகவும் விரிந்த வளைவுகளைப் பெற்றிருக்கும்.

ஈய அச்சில் இதனை உருவாக்குவது கடினம். ஒவ்வோர் ஈய எழுத்தும் செவ்வக வடிவான கட்டையின் மீது அமைந்தது. சாய்ந்த எழுத்தின் மெல்லிய நுனி கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் எளிதில் உடைந்துவிடும். மயிரிழைக் கோடுகள் சிறிய அளவில் மையால் அடைபடும் அல்லது பதியாமல் போகும். ஒளியச்சுக்கோப்பு முறை பரவிய பின்னரே இத்தடைகள் பெருமளவு நீங்கின. கணினிக் காலத்தில், ஒரே எழுத்திற்குப் பல மாற்று வடிவங்களை வைத்துச் சூழலுக்கேற்ப மாற்றும் வசதியும் வந்தது. 1998 இல் வெளியான எர்மன் சாஃப்பின் சாஃபினோ இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

இத்தகைய எழுத்துரு அழைப்பிதழ், வாழ்த்து அட்டை, நூல் தலைப்பு, கடைப்பெயர், திரைப்படத் தலைப்பு முதலிய குறுந்தொடர்களுக்கே ஏற்றது. நீண்ட பத்திகளில் கண்ணைக் களைப்படையச் செய்யும். முழுவதும் தலையெழுத்துக்களால் ஒரு சொல்லை அமைத்தால் படிக்கவே இயலாது போகும். தமிழ்த் திருமண அழைப்பிதழில் மணமக்களின் பெயர்களை மட்டும் வளைவெழுத்தில் அமைத்து, நாள், இடம், நேரம் ஆகியவற்றைத் தெளிவான நேரெழுத்தில் தருவதும் இக்காரணம் பற்றியே ஆகும்.

== திரைப்படங்களில் எழுத்து ==

1950 இல் கீமர் நிறுவனம் ராயை இலண்டனுக்கு அனுப்பியது. அங்கே ஆறு மாதங்களில் ஏறத்தாழ நூறு திரைப்படங்களைப் பார்த்தார். இத்தாலிய இயக்குநர் வித்தோரியோ டி சீக்காவின் பைசைக்கிள் தீவ்ஸ் இவரிடம் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. திரும்பி வந்தபின் 1952 இல் பதேர் பாஞ்சாலி படப்பிடிப்பைத் தொடங்கினார். வேலையை விடாமல் விடுமுறை நாட்களில் படம் எடுத்தார். பணமின்றிப் பலமுறை பணி நின்றது. மனைவி பிசோயாவின் நகைகள் அடகு வைக்கப்பட்டன. இறுதியில் மேற்கு வங்காள அரசின் நிதியுதவியால் படம் நிறைவுற்று 1955 இல் வெளியானது. 1956 இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணத்திற்கான விருதைப் பெற்றது. அதன் பின்னரே ராய் விளம்பரப் பணியிலிருந்து விலகி முழுநேர இயக்குநரானார்.

இப்படத்திற்கு முறையான எழுத்து வடிவத் திரைக்கதை இல்லை. காட்சிகளை மையால் வரைந்த படக்குறிப்பேடே தயாரிப்பாளர்களிடம் காட்டப்பட்டது. படத்தின் தொடக்கத்தில் கலைஞர்களின் பெயர்கள் சொரசொரப்பான தாளில் கையால் எழுதப்பட்டுத் தோன்றும். ஊர்ப்புறத்து ஏழைப் புரோகிதரும் எழுத்தாளருமான தந்தையின் குடும்பக் கதைக்கு ஏட்டுச்சுவடியை நினைவூட்டும் அந்த எழுத்து முன்னுரையாக அமைந்தது.

தாகூரின் கதையைத் தழுவி 1964 இல் வெளியான சாருலதா, எழுத்தையே கருவாகக் கொண்ட படம் எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தித்தாள் நடத்தும் பூபதியும் அவருடைய மனைவி சாருவும் இதன் மாந்தர்கள். பூபதியின் பெயரின் முதலெழுத்தான ஆங்கில 'பி' எழுத்தைச் சாரு ஒரு கைக்குட்டையில் பூவேலையாகத் தைப்பதோடு படம் தொடங்குகின்றது. கணவனின் வீட்டில் அச்சு இயந்திரம் ஓடுகின்றது, மனைவியோ தனிமையில் ஊசியால் ஓர் எழுத்தை உருவாக்குகின்றாள். பின்னர் அவளே எழுத்தாளராகி, அவளது படைப்பு இதழில் அச்சேறுகின்றது. படத்தின் முடிவில் தாகூரின் மூலக்கதையின் பெயர் வங்காள எழுத்தில் திரையில் தோன்றுகின்றது.

ராய் தம் படங்களின் தலைப்பெழுத்துக்களையும் சுவரொட்டிகளையும் பெரும்பாலும் தாமே வடிவமைத்தார். சிவப்புத் துணி அட்டை போட்ட, கேரோர் காத்தா எனப்படும் கணக்கேடுகளில் திரைக்கதை, உடை, அரங்கம், இசைக்குறிப்பு ஆகியவற்றோடு தலைப்பெழுத்துக்களையும் மீண்டும் மீண்டும் வரைந்து பார்த்தார்.

== இதழ்கள் ==

1961 இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் இணைந்து, நின்றுபோயிருந்த சந்தேஷ் இதழை ராய் மீண்டும் தொடங்கினார். பாட்டனார் தொடங்கித் தந்தையார் நடத்திய இதழ் அது. இதற்காகப் பல வங்காள எழுத்து வடிவங்களை உருவாக்கினார். பெலூதா என்னும் துப்பறிவாளர், பேராசிரியர் சோங்கு ஆகிய கதைமாந்தர்களைப் படைத்ததும் இவ்விதழுக்காகவே. இக்கதை நூல்களின் அட்டைகளையும் அவரே வரைந்தார்.

நிர்மால்ய ஆச்சார்யாவும் நடிகர் சௌமித்திர சாட்டர்சியும் நடத்திய ஏக்ஷண் என்னும் இலக்கிய இதழுக்கும் ராய் அட்டை வடிவமைத்தார். இதழின் பெயரில் உள்ளவை மூன்று எழுத்துக்களே. அம்மூன்றையும் இதழுக்கு இதழ் புதிய வடிவில் வரைந்தளித்தார். ஒரே சொல்லை எத்தனை வகையாக எழுத இயலும் என்பதற்கு அவ்வட்டைகள் நல்ல பாடமாக உள்ளன.

== தமிழகத் தொடர்பு ==

சாகித்திய அகாதமி விருது பெறும் எழுத்தாளர்களுக்கு வழங்கப்படும் செப்புப் பட்டயத்தை வடிவமைத்தவர் ராய் ஆவார். எனவே விருது பெற்ற தமிழ் எழுத்தாளர்களின் இல்லங்களிலும் அவருடைய கைவண்ணம் இடம்பெற்றுள்ளது.

பரதநாட்டியக் கலைஞர் த. பாலசரசுவதியைப் பற்றிய பாலா என்னும் ஆவணப்படத்தை 1976 இல் ராய் இயக்கினார். தமிழ்நாடு அரசும் மும்பையிலுள்ள தேசிய நிகழ்த்துகலை மையமும் இணைந்து இதனைத் தயாரித்தன. தாம் சிறுவனாக இருந்த 1935 இல் கொல்கத்தாவில் பாலசரசுவதியின் ஆட்டத்தை ராய் முதன்முதலில் கண்டிருந்தார்.

== இறுதிக் காலம் ==

1983 இல் கரே பாய்ரே படப்பணியின்போது ராய்க்கு மாரடைப்பு ஏற்பட்டது. அதன்பின் சில ஆண்டுகள் முழுநீளப் படம் எதையும் அவரால் இயக்க இயலவில்லை. அவ்விடைவெளியில் 1987 இல் தம் தந்தையாரைப் பற்றிச் சுகுமார் ராய் என்னும் ஆவணப்படத்தை உருவாக்கினார். நினைவில் முகம்கூடத் தெளிவாகப் பதியாத தந்தையை, அவர் விட்டுச்சென்ற எழுத்துக்கள், படங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றின் வழியே இப்படத்தில் மீட்டெடுத்தார். 1991 இல் வெளியான ஆகந்துக் இவருடைய கடைசிப் படமாகும்.

1992 இல் வாழ்நாள் பணிக்கான ஆசுகர் விருது அறிவிக்கப்பட்டபோது ராய் கொல்கத்தாவில் மருத்துவமனையில் இருந்தார். படுக்கையிலிருந்தபடியே விருதை ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டில் இந்திய அரசு பாரத ரத்னா விருதையும் வழங்கியது. ஏப்ரல் 23, 1992 அன்று இவர் காலமானார்.

== மதிப்பீடு ==

ராய் வடிவமைத்த உரோம எழுத்துருக்களைக் காட்டிலும், அவர் கையால் வரைந்த வங்காளத் தலைப்பெழுத்துக்களே மக்களிடம் மிகுதியாகச் சென்று சேர்ந்தன. எழுத்துரு என்பது ஒருமுறை வரைந்து பலமுறை பயன்படுத்துவதற்கானது. அதில் ஓர் எழுத்து எங்கு வந்தாலும் ஒரே வடிவில் நிற்கும். ராயின் அட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் உள்ள எழுத்துக்களோ அந்தந்தச் சொல்லுக்காக மட்டும் ஒருமுறை வரையப்பட்டவை. இவ்விரு வழிகளிலும் தேர்ச்சி பெற்றிருந்தது இவருடைய தனிச்சிறப்பாகும்.

குடும்பத்தின் அச்சகம் இவர் எழுதப் படிக்கக் கற்கும் பருவத்திலேயே கைவிட்டுப் போனது. அதில் ஓர் ஈய எழுத்துக்கூட இவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் விளம்பர ஓவியராகவும் நூல் வடிவமைப்பாளராகவும் இதழாசிரியராகவும் இயக்குநராகவும் எழுத்தின் வடிவத்தை வாழ்நாள் முழுதும் பேணினார். அவர் வரைந்த அட்டைகளும் சுவரொட்டிகளும் வடிவமைப்புக் கலை பயிலும் மாணவர்களால் இன்றும் ஆராயப்பட்டு வருகின்றன.